கடலடிக் காட்சிக்கு வண்ணம் தீட்டுதல்: குழந்தையுடன் முதன்முறை அமர்வோருக்கான வழிகாட்டி

சென்ற ஆண்டு வன உயிரின வாரத்தையொட்டி எங்கள் ஊரில் பள்ளிக் குழந்தைகளுக்கு ஓவியப் போட்டி ஒன்று அறிவிக்கப்பட்டது. மன்னார் வளைகுடாவின் கடலடிக் காட்சியை வரைய வேண்டும் என்பது தலைப்பு. இரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் ஆவலோடு பெயர் கொடுத்தாள். முறையாக ஓவியம் பயிலாத நான், கடல் நீலம், மீன் பல வண்ணம், இதில் என்ன சிரமம் இருந்துவிடப் போகிறது என்று எண்ணிவிட்டேன். பதினோரு நாட்களில் நான்கு தாள்கள் வீணாயின. முதல் தாளில் மஞ்சள் மீன்கள் பச்சையாயின. இரண்டாவது தாள் நனைந்து கிழிந்தது. மூன்றாவதில் ஸ்கெட்ச் பேனாவின் கறுப்பு மை கடல் முழுவதும் பரவியது. நான்காவது உலர்வதற்குள் எடுத்து வைத்ததால் செய்தித்தாளோடு ஒட்டிக்கொண்டது. ஐந்தாவது தாள் அழகாக அமைந்தும், பின்புறத்தில் பள்ளி முத்திரை இல்லை என்று ஏற்க மறுத்துவிட்டார்கள். வீடு வரும் வரை அவள் ஒன்றும் பேசவில்லை. உங்கள் குழந்தைக்கு அந்த நாள் வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்லப்படும் முறையில் உயிரினங்களை ஆயில் பேஸ்டலாலும் (மெழுகும் எண்ணெயும் கலந்த வண்ணக் குச்சி), அவற்றைச் சூழ்ந்த கடலை நீர்வண்ணத்தாலும் தீட்டுகிறோம். மெழுகும் எண்ணெயும் நீரை ஏற்காததால், மீனின்மேல் நீலத்தைப் பூசினாலும் அது வழிந்து விலகிவிடும். ஆறு வயது முதல் பத்து வயது வரையிலான குழந்தைகளுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. நினைவில் வைக்க வேண்டியது வரிசைதான்: உயிரினங்கள் முதலில், கடல் கடைசியில்.

1. தூரிகையைத் தொடுமுன் விதிகளையும் சான்றுகளையும் பாருங்கள்

போட்டிக்காக வரையவில்லை என்றால் இப்பகுதியைக் கடந்துவிடலாம். போட்டி என்றால், அறிவிப்பில் நான்கு செய்திகளைத் தேடுங்கள்: தாளின் அளவு, அனுமதிக்கப்பட்ட வண்ண வகை, வயது அல்லது வகுப்புப் பிரிவு, எந்தத் தேதியை வைத்து வயது கணக்கிடப்படும் என்பது. சில போட்டிகளில் கிரேயானும் ஆயில் பேஸ்டலும் மட்டுமே அனுமதிக்கப்படும். நீர்வண்ணம் கூடாது என்று இருந்தால் இந்த முறையே செல்லாது. அறிவிப்பில் தெளிவாக இல்லையெனில், தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பொதுவாகக் கேட்கப்படும் சான்றுகள் இவை: தலைமை ஆசிரியர் கையொப்பமும் பள்ளி முத்திரையும் உள்ள படிப்புச் சான்று, பிறப்புச் சான்றின் நகல் அல்லது பள்ளி அடையாள அட்டையின் நகல், இது குழந்தையின் சொந்தப் படைப்பு என்று பெற்றோர் கையொப்பமிட்ட உறுதிமொழி. முத்திரை சான்றில் இருந்தால் போதுமா, ஓவியத்தின் பின்புறத்திலும் வேண்டுமா என்று தனியாகக் கேளுங்கள். நான் கேட்கத் தவறியது அந்த ஒரு கேள்வியைத்தான்.

காலத்தைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. வன உயிரின வாரம் அக்டோபர் 2 முதல் 8 வரை கொண்டாடப்படுகிறது. தமிழகப் பள்ளிகளில் காலாண்டுத் தேர்வு விடுமுறையும் பெரும்பாலும் செப்டம்பர் இறுதியை ஒட்டியே வருகிறது. ஓவியத்தை முடித்துக்கொண்டு முத்திரைக்காகப் போகும்போது பள்ளி பூட்டிக் கிடக்கும். ஆகவே, தேர்வு தொடங்குவதற்கு முன்பே சான்றைக் கேட்டு விண்ணப்பித்துவிடுங்கள். பின்புற முத்திரையும் தேவை என்றால், வெற்றுத் தாளிலேயே முத்திரையைப் பெற்றுக்கொண்டு அதன் மறுபக்கத்தில் வரையச் சொல்லலாம். அப்படிச் செய்வதானால் மூன்று தாள்களுக்காவது முத்திரை வாங்குங்கள், ஏனெனில் முதல் தாளே இறுதித் தாளாக அமைவது அரிது. ஜூன் 8 அன்று வரும் உலகப் பெருங்கடல் நாளுக்கான போட்டிகளிலும் இதே சிக்கல் உண்டு. அப்போது பள்ளிகள் கோடை விடுமுறை முடிந்து திறக்கும் தறுவாயில் இருக்கும்.

2. பொருட்களும் செலவும்

நான் வாங்கியபோது கொடுத்த விலைகளைச் சொல்கிறேன். கடைக்குக் கடை சற்று மாறும். ஏ3 அளவுள்ள கார்ட்ரிட்ஜ் தாள் பத்து, 120 ரூபாய். இருபத்தைந்து வண்ண ஆயில் பேஸ்டல் பெட்டி, 110 ரூபாய். பன்னிரண்டு வண்ண நீர்வண்ண வில்லைகள், 80 ரூபாய். முக்கால் அங்குல அகலமுள்ள தட்டைத் தூரிகை, 60 ரூபாய். மாஸ்கிங் டேப், 30 ரூபாய். மொத்தம் 400 ரூபாய். தாளைவிடப் பெரிய அட்டை, இரண்டு கிண்ணம் தண்ணீர், பழைய பருத்தித் துணி, ஒரு கைப்பிடி கல்லுப்பு ஆகியவை வீட்டிலேயே இருக்கும்.

செலவைக் குறைக்க வேண்டுமானால் எதில் வேண்டுமானாலும் குறையுங்கள், தாளில் குறைக்காதீர்கள். கடையில் வெறுமனே 'டிராயிங் ஷீட்' என்று கேட்டால் மெல்லிய தாளையும் எடுத்துக் கொடுப்பார்கள். நகல் எடுக்கும் தாள் 75 அல்லது 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) கனமே உடையது. நீர்வண்ணம் பட்டவுடன் குழைந்துவிடும். குறைந்தது 140 ஜிஎஸ்எம் என்று அச்சிடப்பட்ட தாளை வாங்குங்கள். 300 ஜிஎஸ்எம் நீர்வண்ணத் தாள் இன்னும் சிறந்தது என்றாலும், பழகும்போது அதில் வரையச் சொன்னால், வீணாகிவிடுமோ என்ற பெற்றோரின் பதற்றம் குழந்தையின் கையை முடக்கிவிடுகிறது.

மூன்று பொருட்களைத் தவிருங்கள். ஸ்கெட்ச் பேனாவின் மை நீரில் கரைவது; கோடு வரைய அதைப் பயன்படுத்தினால் கடல் கறுத்துவிடும். வண்ணப் பென்சிலில் மெழுகு குறைவு என்பதால் அதன்மேல் நீலம் ஏறிவிடும். போஸ்டர் கலர் அடர்த்தியாகப் படர்ந்து பேஸ்டலையே மூடிவிடும்; நீர்வண்ணத்துக்கு அது மாற்று ஆகாது. எல்லாப் பெட்டிகளிலும் நச்சற்றது என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

3. எந்தக் கடல், எந்த உயிர்கள் என்று முடிவு செய்யுங்கள்

கடல் என்று பொதுவாக வைத்துக்கொண்டால், குழந்தைகள் கேலிச்சித்திரப் படங்களில் பார்த்தவற்றையெல்லாம் ஒரே தாளில் நிரப்பிவிடுவார்கள். பவளப்பாறைக்கு அருகில் பென்குவின் நீந்தும். ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்தால் வண்ணங்களும் தாமாகவே ஒழுங்குக்கு வந்துவிடுகின்றன. நாங்கள் எடுத்துக்கொண்டது மன்னார் வளைகுடா. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட 21 தீவுகளைக் கொண்ட அந்தக் கடல்சார் தேசியப் பூங்காவில் பவளப்பாறைகள் ஆழம் குறைந்த நீரில் இருப்பதால், வெளிச்சமும் வண்ணமும் நிறைந்த காட்சியைத் தீட்டுவதற்கு அது மிகவும் ஏற்றது.

ஐந்து உயிரினங்கள் போதும். ஆவுளியா என்று மீனவர்கள் அழைக்கும் கடற்பசு, பேராமை என்னும் கடலாமை, கடல் குதிரை, கணவாய், கிளி மீன் ஆகியவற்றை நாங்கள் எடுத்தோம். ஒவ்வொன்றிலும் குழந்தை தவறக்கூடிய ஓரிடம் உண்டு. கடற்பசு கடற்புல் மேயும் பாலூட்டி. அதன் வால் மீனுக்கு இருப்பதுபோல் செங்குத்தாக நிற்காமல் கிடைமட்டமாக விரிந்திருக்கும், முதுகில் துடுப்பு கிடையாது, வாய் கீழ்நோக்கி அமைந்திருக்கும். அதன் நிறம் சாம்பலும் பழுப்பும் கலந்தது. கடலாமைக்குத் தரை ஆமையைப் போன்ற கால்கள் இல்லை, துடுப்புகளே உண்டு. கணவாய்க்குப் பத்துக் கைகள், பேய்க்கணவாய்க்கு (ஆக்டோபஸ்) எட்டு. கடல் குதிரை நிமிர்ந்தே நீந்தும்.

பவளத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். உயிருள்ள பவளம் பெரும்பாலும் பழுப்பு, காவி, இளம்பச்சை நிறங்களில் இருக்கும்; அதன் திசுக்களுக்குள் வாழும் நுண்பாசிகள்தாம் அந்த நிறத்தைத் தருகின்றன. கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடாகும்போது பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றி வெளிறிப்போகிறது. மன்னார் வளைகுடாவில் 2010லும் 2016லும் அப்படி நிகழ்ந்தது. அவசரத்தில் பவளத்துக்கு வண்ணமிடாமல் வெள்ளையாக விட்டுவிட்டால், நோயுற்ற கடலை வரைந்ததாகிவிடும். இதை என் மகளிடம் சொன்ன பிறகு, அவள் ஒரு கிளையைக்கூட விடாமல் தீட்டினாள்.

4. பென்சில் வரைவு

தாளை நீளவாக்கில் வைத்து, நான்கு ஓரங்களையும் மாஸ்கிங் டேப்பால் ஓர் அட்டையோடு ஒட்டிவிடுங்கள். ஏ3 தாள் 42 செ.மீ. நீளமும் ஏறத்தாழ 30 செ.மீ. அகலமும் உடையது, வழக்கமான பரீட்சை அட்டை அதற்குச் சிறியது என்பதால், பழைய நாட்காட்டி அட்டை அல்லது ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்வது நல்லது. கீழே கால் பங்கு மணலுக்கும் பவளத்துக்கும், மீதி முழுவதும் நீருக்கு. பெரிய உயிரினத்தை நடுவிலிருந்து சற்று விலக்கி வரையச் சொல்லுங்கள். கோடுகள் மெல்லியதாக இருக்கட்டும்; அழுத்தி வரைந்த கோட்டை அழித்தாலும் தாளில் பள்ளம் நின்றுவிடும், பின்னர் அந்தப் பள்ளத்தில் நீலம் தேங்கும்.

உருவங்களைப் பெற்றோர் வரைந்து கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. டேப் ஒட்டுவது, வண்ணம் கரைப்பது, அட்டையைச் சாய்த்துப் பிடிப்பது ஆகியவற்றோடு நம் வேலை முடிகிறது. குழந்தையின் கோட்டுக்கு உள்ள துணிச்சல் நம் கோட்டுக்கு வராது.

5. உயிரினங்களுக்கு ஆயில் பேஸ்டல்

இந்தக் கட்டத்துக்கு முக்கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். குழந்தை களைத்தால் நிறுத்திவிட்டு மறுநாள் தொடரலாம்; பேஸ்டலுக்கு அவசரமில்லை.

அழுத்தித் தேய்ப்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. தாளின் வெண்மை புள்ளி புள்ளியாகத் தெரிந்தால், அந்தப் புள்ளிகளிலெல்லாம் நீலம் ஏறிவிடும். குழந்தையின் கைக்கு அவ்வளவு அழுத்தம் வராது என்பதால், ஒரே திசையில் ஒரு முறையும் குறுக்காக மறுமுறையும் தேய்க்கச் சொல்லுங்கள். மீனின் விளிம்பையும் கண்ணையும் பேஸ்டலாலேயே வரையட்டும்.

தாளில் வெள்ளையாகவே நிற்க வேண்டிய இடங்களுக்கெல்லாம் வெள்ளைப் பேஸ்டலை அழுத்திப் பூச வேண்டும். மேலிருந்து சாய்வாக இறங்கும் ஒளிக்கீற்றுகள், நீர்க்குமிழிகள், மீனின் வெண்பட்டைகள் ஆகியவை அத்தகையவை. வெள்ளைத் தாளில் வெள்ளைக் கோடு கண்ணுக்குத் தெரியாது. தாளைச் சாளரத்தின் பக்கம் சாய்த்துப் பார்த்தால் மினுமினுப்பு தெரியும். கடலைப் பூசும்போது அந்தக் குமிழிகள் ஒவ்வொன்றாக வெளிப்படும் கணம்தான் குழந்தைகளுக்கு மிகவும் பிடித்தது. அதற்காகவே இந்த முறையைக் கற்றுக்கொடுக்கலாம்.

அருகில் உள்ள உயிர்களுக்கும் தொலைவில் உள்ளவற்றுக்கும் வேறுபாடு காட்டுவது எளிது. கடல்நீர் சிவப்பு ஒளியைத்தான் முதலில் உறிஞ்சுகிறது. ஆழம் கூடக் கூட சிவப்பு மங்கிப் பழுப்பாகவும் சாம்பலாகவும் தோன்றும், நீலமே கடைசி வரை நிலைக்கிறது. எனவே, முன்னால் நீந்தும் மீன்களுக்குச் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் வண்ணங்களையும், பின்னால் தெரியும் மீன் கூட்டத்துக்கு ஊதா, நீலம், சாம்பல் வண்ணங்களையும் கொடுங்கள். மணலை மட்டும் அழுத்தாமல் இளம்பழுப்பில் இடைவெளி விட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். அந்த இடைவெளியில் சற்றே நீலம் புகும்போதுதான் மணல் நீருக்கடியில் கிடப்பதாகத் தெரியும்.

6. கடலைப் பூசுதல்

எங்கள் முதல் தாள் கெட்டது இந்த வேலையை முதலில் செய்ததால்தான். நீலத்தின்மேல் மஞ்சளைப் பூசினால் பச்சை வரும், ஆரஞ்சைப் பூசினால் சேற்று நிறம் வரும். ஆகவே, பேஸ்டல் வேலை முழுவதும் முடிந்த பிறகே தூரிகையை எடுங்கள். எடுத்துவிட்டால் பதினைந்து நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும். பாதியில் நிறுத்தினால், நிறுத்திய இடத்தில் கோடு விழுந்து உலர்ந்துவிடும், பிறகு அதை மறைக்க முடியாது.

முதலில் வண்ணத்தைக் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். வில்லையின்மேல் சில துளி நீர் விட்டு ஐந்து நிமிடம் ஊறவிட்டால் நன்றாகக் கரையும். மூன்று சிறு கிண்ணங்களில் வெளிர் நீலம், நடுத்தர நீலம், அடர் நீலம் என்று ஒவ்வொன்றிலும் நான்கு மேசைக்கரண்டி அளவுக்குத் தயாராக இருக்கட்டும். வெளிர் நீலத்தில் மிகச் சிறிதளவு பச்சையைச் சேர்த்தால் கரையோர நீரின் சாயல் கிடைக்கும். அடர் நீலத்துக்குப் பெட்டியில் உள்ள பிரஷ்யன் நீலம் ஏற்றது. உலர்ந்ததும் நிறம் வெளிறும் என்பதால், வேண்டியதைவிட ஒரு படி அடர்த்தியாகவே கரையுங்கள். மீதமான தாளின் ஓரத்தில் பேஸ்டலால் ஒரு கோடு கிழித்து, அதன்மேல் பூசிப் பார்த்த பிறகே தொடங்குங்கள்.

அட்டையின் மேற்புறத்துக்கு அடியில் இரண்டு பாடநூல்களை வைத்துச் சாய்த்துக்கொள்ளுங்கள். தூரிகையில் வெளிர் நீலத்தை நிறைய எடுத்து, இடமிருந்து வலமாக ஒரே வீச்சில் ஒரு பட்டை. அதன் அடிவிளிம்பில் நீர் திரண்டு நிற்கும். அந்த ஈரத்தைத் தொட்டபடி அடுத்த பட்டையைப் பூச வேண்டும். மூன்றில் ஒரு பங்கு இறங்கியதும் நடுத்தர நீலம், அதன்பின் அடர் நீலம். சாய்வில் வண்ணம் தானாகக் கீழே இறங்குவதால், மேலே வெளிச்சமும் கீழே ஆழமும் தாமே உண்டாகும். மணலுக்கு மட்டும் மீண்டும் வெளிர் நீலத்தை எடுத்து மெல்லப் பூசினால் போதும்.

பூசிய இடத்துக்குத் திரும்பிப் போகக்கூடாது. 'இங்கே கொஞ்சம் விட்டுப்போச்சு' என்று குழந்தை மீண்டும் தூரிகையை வைக்கும்போதுதான் தாளின் மேற்பரப்பு கலைந்து திட்டாகிறது. எங்கள் இரண்டாவது தாள் கிழிந்ததும் அப்படித்தான். விட்டுப்போன வெண்மையை நீர்க்குமிழி என்று சொல்லித் தேற்றுங்கள், அது நன்றாகவே இருக்கும். மீன்களின்மேல் முத்து முத்தாக நிற்கும் நீலத் துளிகளைத் துடைக்காமல், முறுக்கிய துணியின் நுனியால் ஒற்றி எடுங்கள்.

7. கல்லுப்பு

விருப்பமிருந்தால் மட்டும் செய்யலாம். பூசிய நீலத்தின் மினுமினுப்பு அடங்கத் தொடங்கும் வேளையில், அதாவது தாள் ஈரமாக இருந்தும் நீர் தேங்காமல் இருக்கும்போது, கல்லுப்பைப் பத்துப் பதினைந்து கல்லாகப் பரவலாகத் தூவுங்கள். ஒவ்வொரு கல்லும் தன்னைச் சுற்றியுள்ள நீரை இழுத்துக்கொள்வதால் விண்மீன் வடிவில் வெளிறிய புள்ளிகள் தோன்றும். முன்கூட்டியே தூவினால் உப்பு கரைந்துவிடும். தாமதித்தால் ஒன்றும் நிகழாது. முழுவதும் உலர்ந்த பிறகு உலர்ந்த விரலால் தட்டிவிடுங்கள். விரலில் காயம் இருந்தால் எரியும் என்பதால் குழந்தையின் கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

8. உலர்த்துதல்

அட்டையைச் சமதரையில் கிடத்தி, மின்விசிறியை மெதுவாக ஓட விட்டால் இரண்டு மணி நேரத்தில் உலரும். மழைக்காலமானால் ஓர் இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். வெயிலில் வைத்தால் தாள் வளையும், பேஸ்டலும் இளகும். புறங்கையால் தொட்டுப் பார்க்கும்போது குளிர்ச்சி தெரிந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். நன்றாக உலர்ந்தபின் டேப்பைப் படத்துக்கு எதிர்ப்புறமாக மெல்ல இழுத்து எடுங்கள். தாள் சற்று நெளிந்திருந்தால், படத்தின்மேல் பட்டர் பேப்பர் விரித்து, கனமான நூல்களுக்கு அடியில் ஓர் இரவு வையுங்கள். செய்தித்தாளைப் பயன்படுத்தாதீர்கள்; அதன் மை பேஸ்டலில் ஒட்டிக்கொள்ளும்.

9. நேரில் வரையும் போட்டியானால்

பெரும்பாலும் தாளை அவர்களே கொடுப்பார்கள். அது மெல்லியதாகவும் இருக்கலாம். எனவே நீரைப் பாதியாகக் குறைத்து, வண்ணத்தை அடர்த்தியாக எடுக்கப் பழக்குங்கள். உப்பை விட்டுவிடுங்கள். ஒன்றரை மணி நேரம் கொடுத்தால், பென்சிலுக்குப் பதினைந்து நிமிடம், பேஸ்டலுக்கு நாற்பத்தைந்து, கடலுக்குப் பதினைந்து, உலர்வதற்குப் பதினைந்து என்று வீட்டிலேயே கடிகாரத்தை வைத்து இரண்டு முறை செய்து பார்க்க வேண்டும். தண்ணீர்ப் புட்டி, கிண்ணங்கள், துணி, டேப், அட்டை அனைத்தையும் நீங்களே கொண்டு செல்லுங்கள்.

10. ஒப்படைத்தல்

பெயர், வகுப்பு, பிறந்த தேதி, பள்ளி, பெற்றோர் தொலைபேசி எண் ஆகியவற்றைப் பின்புறத்தில் எழுத வேண்டும். முன்புறத்தில் பெயர் எழுதினால் சில போட்டிகளில் நிராகரிப்பார்கள். பந்துமுனைப் பேனாவால் நேரடியாகத் தாளில் எழுதினால் முன்பக்கத்தில் தடம் தெரியும் என்பதால், தனிச் சீட்டில் எழுதி ஒட்டுவதே மேல். பசை முழுதாக உலர்ந்த பிறகே தாளை மூடி வையுங்கள்.

அஞ்சலில் அனுப்புவதாயின் மடிக்காதீர்கள். பட்டர் பேப்பரை மேலே விரித்து, இரண்டு அட்டைகளுக்கு இடையில் தட்டையாக வைத்துக் கட்டி, விரைவு அஞ்சலில் கடைசித் தேதிக்கு ஐந்து நாள் முன்பே அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஒப்படைத்த ஓவியங்களைத் திருப்பித் தரும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. ஆகவே, கட்டுவதற்கு முன் காலை வெளிச்சத்தில், மின்விளக்கை அணைத்துவிட்டு, சாளரத்தருகே வைத்து ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள்; ஆயில் பேஸ்டலின்மேல் ஒளி பளபளக்கும் என்பதால் கைப்பேசியின் பிளாஷையும் அணைத்துவிடுங்கள்.